தொண்டையில் ஒரு துண்டு இரைப்பை



“தொண்டையில் ஏதோ நிற்கிறது, சாமி. விழுங்கினால் இறங்க மறுக்கிறது. காறினால் வெளிவர மறுக்கிறது.” இவ்வாறு முறையிடுவோர் இல்லாத பங்கு இல்லை எனலாம். சோறு உண்ணும்பொழுது அவர்களுக்கு இடர் ஒன்றும் இராது. வெறும் உமிழ்நீரை விழுங்கும்பொழுதுதான் உருண்டை ஒன்று அங்கே இருப்பதுபோல் தோன்றும். நாள் முழுவதும் செருமிக்கொண்டே இருப்பார்கள். மறையுரை நேரத்தில் கோயிலின் எந்த மூலையிலிருந்து செருமல் எழுகிறது என்பதைக் கொண்டே, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று என்னால் கூறிவிட முடியும்.

இதற்கு வீட்டாரும் அயலாரும் கூறும் காரணங்கள் பல. மீன்முள் என்பார் சிலர். சோற்றோடு போன மயிர் என்பார் சிலர். தொக்கம் விழுந்திருக்கிறது என்று கூறி, அதை எடுப்பவரிடம் அழைத்துச் செல்வோரும் உளர். இன்னும் ஒருபடி மேலே போய், யாரோ உணவில் ‘மருந்து வைத்துவிட்டார்கள்’ என்று ஐயுறுவோரும் உளர். படித்தவர்களோ இவற்றையெல்லாம் எள்ளி நகையாடிவிட்டு, ‘எல்லாம் மனப்பிரமை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஆராயாமல் கூறப்படுவதில் இதுவும் முன்னவற்றுக்குக் குறைந்தது அன்று.

இத்தகைய தொல்லைக்குப் பின்னே சில வேளைகளில் கண்ணால் காணத்தக்க ஒரு காரணம் இருக்கக்கூடும். பிறக்கும்பொழுதே உணவுக்குழலின் மேல்முனையில் தங்கிவிட்ட இரைப்பைச் சவ்வின் ஒரு சிறு துண்டே அது. இம்மாதம் அதைப்பற்றி எழுத விழைகிறேன். நான் மருத்துவன் அல்லன். குடல்நோய் மருத்துவர் ஒருவரிடமும், மருத்துவரான அருட்சகோதரி ஒருவரிடமும் கேட்டுத் தெளிந்ததையும், நூல்களில் படித்ததையும் எளிய முறையில் கூற முயல்கிறேன்.

நாம் உண்ணும் உணவு தொண்டையிலிருந்து இரைப்பைக்குச் செல்லும் வழி ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள ஒரு தசைக்குழல். அதற்கு மேலே ஒரு வாயில், கீழே ஒரு வாயில். இரண்டும் சுருக்குப்பையின் வாய்போல இறுகி மூடக்கூடிய தசை வளையங்கள். இக்குழலின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வு, நம் வாயின் உட்புறத்தைப் போன்றது. தட்டையான உயிரணுக்கள் அடுக்கடுக்காய் அமைந்து, சூடான காப்பியையும் முறுக்கையும் தாங்கிக்கொள்ளும் வலிமை அதற்கு உண்டு. ஆனால் அமிலத்தை அது தாங்காது. இரைப்பையின் உட்சவ்வோ முற்றிலும் வேறு வகையைச் சார்ந்தது. அதில் நுண்ணிய சுரப்பிகள் நிறைந்துள்ளன. சில ஹைடிரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றன. சில புரதத்தைச் சிதைக்கும் நொதிப் பொருளைத் தருகின்றன. சில வழுவழுப்பான சளியைச் சுரந்து, அமிலம் இரைப்பையையே அரித்துவிடாமல் காக்கின்றன. இயல்பாக, இவ்விரு சவ்வுகளும் கீழ்வாயிலின் அருகே வாளின் பற்களைப் போன்ற ஒரு வளைந்த கோட்டில் சந்திக்கின்றன. அக்கோட்டுக்கு மேலே இரைப்பைச் சவ்வுக்கு வேலை இல்லை.

எனினும் சிலருக்கு, மேல்வாயிலுக்குச் சற்றே கீழே, வெளிறிய குழலின் நடுவில், வெல்வெட்டுத் துணியில் கத்தரித்து ஒட்டியதுபோல் செந்நிறத் திட்டு ஒன்று காணப்படுகிறது. சில மில்லிமீட்டர் அளவிலும் இருக்கலாம். சில சென்டிமீட்டர் அளவிலும் இருக்கலாம். ஒன்றும் இருக்கலாம், எதிரெதிரே இரண்டும் இருக்கலாம். அத்துணுக்கை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், அது ஐயத்திற்கு இடமில்லாத இரைப்பைச் சவ்வு! 1805-ஆம் ஆண்டிலேயே ஷ்மிட் என்பவர் இதைக் குறித்து எழுதியிருக்கிறார். இன்று மருத்துவர்கள் இதனை ‘இன்லெட் பேட்ச்’ என்பர். நுழைவாயில் திட்டு என்று நாம் கூறலாம். சோதனை அறிக்கைகளில் ‘ஹெட்டரோடோபிக் கேஸ்ட்ரிக் மியூகோசா’ என்று நீட்டி எழுதியிருப்பார்கள். பெயரைக் கண்டு அஞ்ச வேண்டா. குருமடத்தில் கற்ற கிரேக்கம் எனக்கு எஞ்சியிருக்கும் அளவில், ‘ஹெட்டரோஸ்’ என்றால் வேறு, ‘டோபோஸ்’ என்றால் இடம். வேறிடத்தில் இருக்கும் இரைப்பைச் சவ்வு என்பதே அதன் பொருள்.

அது அங்கே எவ்வாறு வந்தது? எங்கிருந்தும் ஏறி வரவில்லை. அங்கேயே நின்றுவிட்டது என்பதே அறிஞர் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். தாயின் கருவறையில் குழந்தை உருவாகும்பொழுது, உணவுக்குழலின் உட்புறம் முதலில் தூண் வடிவ உயிரணுக்களால் மூடப்பட்டிருக்கும். பின்னர், ஏறத்தாழ நான்காம் ஐந்தாம் மாதங்களில், தட்டை உயிரணுக்கள் குழலின் நடுப்பகுதியில் தோன்றி, மேலும் கீழுமாகப் பரவி, பழைய சவ்வின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இம்மாற்றம் கடைசியாக வந்து சேருமிடம் மேல்முனை. திருவிழாவுக்குக் கோயில் சுவருக்கு வெள்ளையடிப்பவர் நடுவில் தொடங்கி இருபுறமும் அடித்துக்கொண்டே சென்று, உச்சி மூலையில் கையகலம் விட்டுவிடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதைப் போன்றதுதான். எனவே இது தொற்று நோய் அன்று. உண்ட உணவால் வந்ததும் அன்று. எவருடைய தீய எண்ணத்தால் வந்ததும் அன்று.

இது அரிதும் அன்று. கவனமாய்த் தேடிப் பார்த்த ஆய்வுகளில், உள்நோக்குக் குழாய்ச் சோதனைக்கு வந்த நூறு பேரில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரை இத்திட்டு காணப்பட்டிருக்கிறது. அவ்வாறாயின் நாம் ஏன் இதைக் கேள்விப்படுவதில்லை? ஒரு காரணம், பெரும்பாலோர்க்கு அது எத்தொல்லையும் தருவதில்லை. தமக்குள் அது இருப்பதை அறியாமலேயே வாழ்ந்து, பேரன் பேத்தி கண்டு, நிம்மதியாய்க் கண்மூடுகிறார்கள். இன்னொரு காரணம், அது இருக்குமிடம். எண்டாஸ்கோபி செய்யும்பொழுது குழாய் மேல்வாயிலைத் தாண்டும் அந்தக் கணத்தில்தான் நோயாளிக்குக் குமட்டல் மிகுதி. மருத்துவரும் அவ்விடத்தை விரைந்து கடந்து இரைப்பையை நோக்கிச் செல்கிறார். திட்டோ அவ்வாயிலுக்குச் சற்றே கீழே இருக்கிறது. குழாயை வெளியே எடுக்கும்பொழுது மேல்முனையில் மெதுவாய், நின்று நோக்கினால்தான் அது கண்ணில் படும். ஆகவே, தொண்டைத் தொல்லைக்காக இச்சோதனைக்குச் செல்வோர், “மேல்முனையையும் சற்றுப் பார்த்துவிடுங்கள், ஐயா” என்று முன்கூட்டியே பணிவுடன் கேட்டுக்கொள்வது நன்று. நல்ல மருத்துவர் எவரும் இதற்குச் சினம் கொள்ளமாட்டார்.

சிலரிடம் மட்டும் இத்திட்டு தன் பிறவிக் குணத்தைக் காட்டுகிறது. அதில் அமிலம் சுரக்கும் உயிரணுக்கள் இருக்குமாயின், இரைப்பையிலிருந்து எதுக்களிக்க வேண்டிய தேவையே இன்றி, தொண்டைக்கு அருகிலேயே அமிலம் ஊறும். தாங்கும் வலிமை இல்லாத சுற்றுச் சவ்வு அதனால் எரிச்சல் அடையும். குரல்வளை வெகு அருகில் இருப்பதால் வறட்டு இருமலும் குரல் கம்மலும் வரக்கூடும். சளி சுரக்கும் உயிரணுக்கள் மிகுந்திருந்தால் ஓயாத செருமல் உண்டாகலாம். மிகச் சிலருக்குப் புண் ஏற்பட்டு, அது ஆறும்பொழுது குழல் சுருங்கி, உணவு இறங்கத் தடை உண்டாவதும் உண்டு. இத்திட்டில் புற்றுநோய் தோன்றியதாகவும் செய்திகள் வெளிவந்துள்ளன. ஆனால் அவை விரல்விட்டு எண்ணத்தக்க அரிய செய்திகளே. அதை எண்ணி உறக்கத்தை இழக்க வேண்டுவதில்லை.

இடம் மாறி அமைந்த இரைப்பைச் சவ்வு மெய்யாகவே அமிலம் சுரக்குமா என்று ஐயுறுவோர்க்கு, உடலின் மற்றொரு பகுதி சான்று பகர்கிறது. சிறுகுடலின் கடைப்பகுதியில் நூற்றுக்கு இருவருக்குப் பிறவியிலேயே சிறு பை ஒன்று இருப்பதுண்டு. ஜெர்மானிய அறிஞர் மெக்கெல் பெயரால் அது வழங்குகிறது. அப்பைக்குள்ளும் சில வேளைகளில் இரைப்பைச் சவ்வு இருக்கும். அது சுரக்கும் அமிலம் பக்கத்துக் குடலைப் புண்ணாக்கி, சிறு குழந்தைகளுக்கு வலியே இன்றி மலத்தில் குருதி போகச் செய்துவிடும்.

இவ்விடத்தில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். உணவுக்குழலின் கீழ்முனையிலும் சவ்வு மாறிவிடுவதுண்டு. அது ‘பாரெட் உணவுக்குழல்’ எனப்படும். பெயர் வேறு, நோயும் வேறு. ஆண்டுக்கணக்காய் இரைப்பை அமிலம் மேலே எதுக்களித்து, அதன் தாக்குதலால் சவ்வே தன் இயல்பை மாற்றிக்கொள்ளும் நிலை அது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் நார்மன் பாரெட் 1950-இல் இதைப்பற்றி எழுதியபொழுது, அதை உணவுக்குழல் என்றே அவர் கொள்ளவில்லை; குழல் பிறவியிலேயே குட்டையாயிருக்க, இரைப்பை மேலே இழுக்கப்பட்டிருக்கிறது என்று கருதினார். 1953-இல் அலிசன், ஜான்ஸ்டன் என்னும் இருவர் அது உணவுக்குழலே என்று காட்டினர். 1957-இல் பாரெட்டும் அதை ஏற்றார். ஆயினும் மறுத்தவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது! கீழ்முனையில் தோன்றும் அந்த மாற்றம் நாளடைவில் புற்றாக மாறும் வாய்ப்பு ஓரளவு உண்டு. எனவே அதனை உடையோர் மருத்துவர் குறிக்கும் காலத்தில் மீண்டும் மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டும். மேல்முனைத் திட்டுக்குப் பொதுவாக அத்தகைய கண்காணிப்புத் தேவைப்படுவதில்லை. அறிக்கையில் ஒன்றைப் படித்துவிட்டு மற்றொன்றுக்காக அழுவோரை நான் கண்டிருக்கிறேன்.

இனி, ‘மனப்பிரமை’ என்னும் அந்தச் சொல்லுக்கு வருவோம். தொண்டையில் உருண்டை நிற்பதாகிய இவ்வுணர்வுக்கு மேலைநாட்டு மருத்துவர்கள் நெடுங்காலம் இட்டிருந்த பெயர் ‘குளோபஸ் ஹிஸ்டெரிகஸ்’. ‘குளோபஸ்’ என்பது இலத்தீனில் உருண்டை. ‘ஹிஸ்டெரா’ என்பது கிரேக்கத்தில் கருப்பை. பெண்ணின் கருப்பை உடலுக்குள் இடம்பெயர்ந்து மேலேறி மூச்சை அடைக்கிறது என்பது பண்டைய கிரேக்கர் கொள்கை. கொள்கை மறைந்த பின்னும் பெயர் மறையவில்லை. பெயரோடு, இது பெண்களின் நரம்புக் கோளாறு என்னும் எண்ணமும் மறையவில்லை. 1968-ஆம் ஆண்டில்தான் மால்கம்சன் என்னும் மருத்துவர் அப்பெயரை நீக்கி, தொண்டை உருண்டை என்று மட்டும் பொருள்படும் பெயரை வழங்கினார். அஞ்ஞான்று வரை எத்தனை தாய்மார்கள் ‘உனக்கு ஒன்றுமில்லை, போ’ என்று திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

2009-இல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு இங்கே கருதத்தக்கது. தொண்டை உருண்டை உணர்வும் இத்திட்டும் ஒருங்கே உடைய 21 பேரை இரு கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறினர்க்கு, ஆர்கான் என்னும் வாயுவின் வழியே மின்னாற்றலைச் செலுத்தித் திட்டைப் பொசுக்கினார்கள். மற்றவர்க்குக் குழாயை உள்ளே விட்டார்கள்; ஆனால் ஒன்றும் செய்யாமல் எடுத்துவிட்டார்கள். யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. தொல்லை வெறும் பிரமையாயின், பொய்ச் சிகிச்சையும் பலருக்குக் குணம் தந்திருக்க வேண்டும் அன்றோ? அவ்வாறு நிகழவில்லை. திட்டு பொசுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர்க்கு உணர்வு தணிந்தது, மற்றவர்க்குத் தணியவில்லை. சிறிய ஆய்வுதான், இதைக்கொண்டு உலகத்திலுள்ள செருமலுக்கெல்லாம் இத்திட்டே காரணம் என்று சாதிக்க இயலாது. தொண்டை உருண்டை உணர்வுடைய பலருக்குத் திட்டே இல்லை. திட்டுடைய பலருக்கு உருண்டை உணர்வே இல்லை. மனக்கவலையும் அவ்வுணர்வை மிகுவிக்கும் என்பது மெய்யே. ஆனால், ‘பிரமை’ என்று சொல்லுமுன் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லலாம் அன்றோ?

ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் எனில், இது தொண்டையோடு நிற்பதில்லை. நான் அறிந்த ஒரு குடும்பம். ஊரும் பேரும் வேண்டா. மகனுக்கு மணமாகிச் சில மாதங்களில் தாய்க்கு இத்தொல்லை தொடங்கியது. அறுபதைத் தாண்டியவர். இருமுறை தொக்கம் எடுத்தாயிற்று. வயிற்றின்மேல் குழல் வைத்து உறிஞ்சி, எதையோ வெளியே எடுத்ததாய்க் காட்டினார்கள். உடல் தோலைத் துளைக்காமல் குடலுக்குள் இருப்பதை உறிஞ்சி எடுக்க எவராலும் இயலாது என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துக் கூறவில்லை. “இது இடுமருந்து, புதிதாய் வீட்டுக்கு வந்த கைதான் போட்டிருக்கிறது” என்று அவர்களுள் ஒருவர் கூறியதோடு தீ பற்றிக்கொண்டது. மருமகள் தொட்ட தண்ணீரை மாமியார் பருகமாட்டார். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. மகன் இருபுறமும் அடிபடும் மத்தளமானார். ஈராண்டு கழித்து, குருதிச் சோகைக்காக அந்தத் தாயை மருத்துவமனையில் சேர்த்தபொழுது எண்டாஸ்கோபி செய்தார்கள். உணவுக்குழலின் மேல்முனையில் பெருவிரல் நகமளவு திட்டு! தொண்டைத் தொல்லைக்கு அதுவே காரணம் என்று மருத்துவர் உறுதி கூறவில்லை, இருக்கலாம் என்றார். ஆனால் அது பிறவியில் வந்தது என்பதை உறுதியாய்க் கூறினார். அதாவது, மருமகள் பிறப்பதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அது அங்கே இருந்திருக்கிறது. அவ்வீட்டில் இன்றும் அடுப்பு இரண்டுதான். எனினும் மருமகள் ஆற்றித் தரும் கஞ்சியை மாமியார் இப்பொழுது குடிக்கிறார்.

சரி, என்ன செய்வது? தொண்டையில் உருண்டை உணர்வு சில வாரங்கள் நீடித்தால், முதலில் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லோர்க்கும் எண்டாஸ்கோபி தேவைப்படாது. திட்டு இருப்பது தெரிந்து, தொல்லையும் இருந்தால், ஓமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளைச் சில வாரங்களுக்குத் தருவார்கள். எரிச்சலுக்கு அவை உதவும். உருண்டை உணர்வுக்கு உதவினாலும் உதவும், உதவாமலும் போகும். சளிச் சுரப்பை அவை தடுப்பதில்லை. இரைப்பையில் வாழும் கிருமி அத்திட்டிலும் குடியேறியிருந்தால், அதற்குத் தனி மருந்து உண்டு. இவற்றுக்கெல்லாம் அடங்காதவர்க்கே முன்சொன்ன பொசுக்கும் சிகிச்சை.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைப்பது, இரவு உணவை உறங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்னரே முடிப்பது, இடப்புறமாய்ப் படுப்பது ஆகியன இரைப்பையிலிருந்து வரும் எதுக்களிப்புக்கு நல்லவை. கிறிஸ்து பிறப்பு விருந்துக்குப் பின் நம்மில் பலருக்கும் தேவையானவை. மேல்முனையிலேயே ஊறும் அமிலத்துக்குச் செங்கலால் பயன் இல்லை. மதுவும் புகையும் இரண்டுக்கும் தீங்கே. திருத்தூதர் பவுல் தீமொத்தேயுவுக்கு வயிற்றின் பொருட்டுச் சிறிது திராட்சை இரசம் பரிந்துரைத்ததை எடுத்துக்காட்டி என்னோடு வாதிட்டவர் ஒருவர் உண்டு. அவர் அருந்தியது திராட்சை இரசமும் அன்று, அளவு சிறிதும் அன்று. பாடற்குழுவினர்க்கு ஒரு சொல்: செருமும்பொழுதெல்லாம் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதிப் புண்படுகின்றன. செருமத் தோன்றும்பொழுது ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்குங்கள்.

இக்கட்டுரையைப் படித்துவிட்டு, ‘எனக்கும் திட்டுதான்’ என்று எவரும் தாமே முடிவு செய்துவிடக் கூடாது. சோறு இறங்கும்பொழுது சிக்கிக்கொண்டாலும், விழுங்கும்பொழுது வலித்தாலும், உடல் மெலிந்தாலும், குரல் கம்மல் மூன்று வாரத்தைத் தாண்டினாலும், கழுத்தில் கட்டி தென்பட்டாலும், வாந்தியில் குருதியோ கருநிற மலமோ கண்டாலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கமுடையோர் இருமடங்கு எச்சரிக்கையாய் இருக்க வேண்டும். வாய், தொண்டை, உணவுக்குழல் புற்றுக்கு அது நேர்வழி. மேலும், நெஞ்சில் எரிச்சலோடு வியர்வை கொட்டி, வலி தோளுக்கோ தாடைக்கோ பரவினால், சோடா குடித்துப் பார்ப்போம், ஜெலுசில் குடித்துப் பார்ப்போம் என்று காத்திராதீர்கள். அது இதயமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

கடைசியாக, பங்குத்தந்தை என்ற முறையில் நானே விளக்கம் தர வேண்டிய ஒன்று. அமிலம் குறைக்கும் மாத்திரையைக் காலையில் உணவுக்கு அரைமணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். உணவு வரும்பொழுதுதான் அமிலம் சுரக்கும் பொறிகள் விழித்தெழுகின்றன. அவ்வேளையில் மருந்து குருதியில் இருந்தால்தான் அவற்றை அடக்கும். நம் முதியோர் பலர், நற்கருணை உண்ணாநோன்பு முறிந்துவிடும் என்றஞ்சி, திருப்பலி முடிந்து வீடு சென்று, இட்லியோடு சேர்த்து மாத்திரையை விழுங்குகிறார்கள். பின்னர் மருந்து கேட்கவில்லை என்கிறார்கள். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 919-ஆம் சட்டம் கேட்பது, நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பு மட்டுமே. அதிலும் தண்ணீரும் மருந்தும் விலக்களிக்கப்பட்டுள்ளன. முதியோரும் நோயாளரும் அவர்களைப் பேணுவோரும், அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நற்கருணை பெறலாம் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. ஆகவே, காலைத் திருப்பலிக்குப் புறப்படுமுன் மாத்திரையை ஒரு குவளைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு வாருங்கள்.